தோல் வேலையில் கோளாறா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

தோல் வேலையில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. தையல் கோணினால் ஊசியைக் குறை சொல்கிறோம். ஓட்டை போடும்போதே அது கோணியிருக்கும். ஓரம் பிசிறினால் இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம். தோலை வாங்கிய அன்றே அந்த ஓரம் எப்படி வரும் என்பது முடிவாகியிருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒன்றிரண்டு படி பின்னால் போய்க் காரணத்தைத் தேடியிருக்கிறேன். பர்ஸ், பெல்ட், சாவி உறை என்று வீட்டு மேஜையில் செய்து பழகுகிறவர்களுக்காக எழுதியது. உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். பாதிப் பிரச்சினைகளுக்கு வேர் அங்கேதான்.

ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பளபளப்பு வரவில்லை

கையில் இருப்பது என்ன தோல் என்று முதலில் பாருங்கள். மரப்பட்டை, காய் போன்றவற்றின் துவர்ப்பில் பதனிட்டது வெஜ் டேன். குரோமிய உப்பில் பதனிட்டது குரோம் தோல். ஈரம் காட்டித் தேய்த்தால் இறுகிக் கண்ணாடி போல் மின்னுவது வெஜ் டேன் ஓரம் மட்டுமே. குரோம் தோலின் ஓரத்தை நாள் முழுக்கத் தேய்த்தாலும் பஞ்சு பஞ்சாகத்தான் நிற்கும். சென்னைப் பெரியமேட்டுக் கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி ஷூ, பை, ஜாக்கெட் தொழிற்சாலைகளுக்காகத் தயாரான குரோம் தோல். கிலோ கணக்கில் வாங்கும் கட்பீஸில் இரண்டும் கலந்தே கிடக்கும். கடைக்காரர் சொன்னதை வைத்து முடிவெடுக்காமல் நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்.

வெட்டிய ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் சாம்பல் நீலம் தெரிந்தால் குரோம். ஆனால் உள்வரை சாயம் ஏறிய தோலில் இது தெரியாது. அடுத்தது தண்ணீர்ச் சோதனை: மேல்பூச்சு இல்லாத தோலில் ஒரு சொட்டு விட்டால் வெஜ் டேன் உடனே உறிஞ்சி அந்த இடம் கறுக்கும், விரல் நகத்தால் அழுத்தினால் தடம் அப்படியே நிற்கும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சிறு கீற்றை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். வெஜ் டேன் சில நொடிகளில் சுருண்டு சுருங்கிவிடும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரைத் தாங்கும். எரித்துப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அதைச் செய்ய வேண்டாம், குரோம் தோல் எரிந்த சாம்பலில் நச்சான குரோமியச் சேர்மம் இருக்கக்கூடும்.

நம் ஊர் வெஜ் டேன் ஒன்றும் உண்டு. ஆவாரம்பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் ஒரு காலத்தில் திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரங்களிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆவாரம்பட்டைக்குப் பதிலாக வாட்டில் என்னும் மரத்தின் பட்டைச் சாறு வந்துவிட்டாலும் குணம் வெஜ் டேன் குணம்தான். ஆட்டுத்தோலில் கிடைக்கும் மெல்லிய ஈ.ஐ. பர்ஸின் உள்பக்கத்துக்கும் லைனிங்குக்கும் அருமையாக அமையும். பெல்ட்டுக்கு வேண்டிய விறைப்பை அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, வெஜ் டேன்தான், ஆனாலும் மின்னவில்லை என்றால் வரிசையைப் பாருங்கள். இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிய ஓரம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அடுக்குகள் ஏறி இறங்கி நின்றால் எதைத் தடவினாலும் கோடு தெரியும். கூர்க்கத்தியால் ஒரே மட்டமாகச் சீவிவிட்டு 220, 400, 600 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போங்கள். இடையில் ஒரு எண்ணைத் தாண்டினால் கீறல் கடைசி வரை கூடவே வரும். பிறகு இரண்டு பக்க விளிம்பையும் பெவலரால் (விளிம்பின் கூர்மூலையைச் சீவும் கருவி) மழுக்குங்கள். சாயம் போடுவதானால் இந்தக் கட்டத்தில். அதற்கப்புறம்தான் தண்ணீரோ, டிராககாந்த் என்னும் செடிக் கோந்தோ, சி.எம்.சி. என்னும் செல்லுலோஸ் பசைத்தூள் கரைசலோ. விரல் நுனியால் மெல்லிசாகத் தடவி, பிசுபிசுப்பு அடங்கியதும் மரக்கட்டையால் வேகமாக, லேசான அழுத்தத்தில் தேயுங்கள். உரசல் சூடுதான் நாரை இறுக்குகிறது, கையின் பலம் இல்லை. அழுத்தினால், அல்லது ஈரம் அதிகமானால், ஓரம் இரு பக்கமும் காளான் குடைபோல் விரியும். விரிந்துவிட்டால் காயவிட்டு மீண்டும் உப்புத்தாளிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் தேன்மெழுகு தேய்த்துப் பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

குரோம் தோலுக்கு வழி இரண்டு. ஓரப் பெயின்ட்டை மெல்லிய பூச்சாகப் போட்டு, காய்ந்ததும் உப்புத்தாள் காட்டி, மறுபடி பூசலாம். அவசரப்பட்டு ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் மடிப்பில் வெடிக்கும். இன்னொன்று, ஆம்பூர், வாணியம்பாடி ஷூ வேலையில் ஃபோல்டிங் என்பார்களே, அது: ஓரத்தை அரை மி.மீ. அளவுக்கு ஸ்கைவிங் செய்து, அதாவது பின்பக்கம் சீவி மெல்லிசாக்கி, உள்ளே மடித்து ஒட்டிவிடுவது. மெல்லிய குரோம் தோலுக்கு என் வாக்கு இதற்குத்தான்.

முன்பக்கத் தையல் அழகு, பின்பக்கம் அலை அலையாக

இரண்டு ஊசி, ஒரே நூல் என்று தைக்கும் சேடில் தையலில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பின்பக்கத்தைத் திருப்பி ஓட்டைகளை மட்டும் பாருங்கள், நூலை மறந்துவிடுங்கள். ஓட்டைகளே நேர்கோட்டில் இல்லையென்றால் தையலில் தேட ஒன்றும் இல்லை. தையல் ஓட்டை போடும் பல் உளியை அடிக்கும்போது அது சாய்ந்திருக்கிறது. உட்கார்ந்தபடி பக்கவாட்டில் பார்த்து அடித்தால் உளி நம்மை நோக்கிச் சாயும். எழுந்து நின்று, உளிக்கு நேர் மேலிருந்து பார்த்து, கொட்டாப்புளியால் அடியுங்கள். முதல் அடி மெதுவாக, தடம் பதிய. உளி நிமிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இரண்டாவது அடி. மூன்று, நான்கு மி.மீ. தாண்டிய கனத்தில் உளியால் முழுதும் துளைப்பதைவிட, முன்பக்கம் தடம் மட்டும் பதித்து, வைர வடிவ முனையுள்ள குத்தூசியால் ஒவ்வொன்றாகத் துளைப்பது நேராக வரும்.

ஓட்டைகள் நேராக இருந்தும் தையல் அலைகிறதா? அப்படியானால் கைப்பழக்கம் ஓட்டைக்கு ஓட்டை மாறுகிறது. மாறக்கூடாதவை இரண்டு. எந்தப் பக்கத்து ஊசி முதலில் போகிறது என்பது ஒன்று. இரண்டாம் ஊசி அதே ஓட்டைக்குள் முதல் நூலுக்கு மேலே போகிறதா, கீழே போகிறதா என்பது இன்னொன்று. இரண்டையும் முதல் தையலில் முடிவு செய்து கடைசித் தையல் வரை காப்பாற்றுங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே தைத்தால் நடுவில் ஒரு தையல் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும், அந்த ஒன்று போதும் வரிசை கெட. இழுக்கும் திசையும் ஒன்றாகவே இருக்கட்டும்: வலது நூலைச் சற்று மேல்நோக்கி, இடது நூலைச் சற்றுக் கீழ்நோக்கி இழுத்துப் பழகியிருந்தால், கடைசி வரை அப்படியே.

எல்லாம் சரியாகச் செய்தும் முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் கிட்டத்தட்ட நேர்கோடாக அமர்ந்தால் அது கோளாறு இல்லை. சாய்ந்த பல் உளியில் போட்ட ஓட்டை பின்பக்கத்திலிருந்து பார்க்கும்போது எதிர்ச்சாய்வாகத் தெரியும், நூல் அங்கே படுத்துக்கொள்ளும். பின்பக்கமும் சாய வேண்டுமென்றால் இரண்டாம் ஊசி வெளியே வரும் நேரத்தில் முதல் நூலை அதன் மேல் ஒரு சுற்றுப் போட்டு இழுங்கள். சுற்றை ஒவ்வொரு தையலிலும் போட வேண்டும், விட்டு விட்டுப் போட்டால் முன்னைவிட மோசமாகும்.

நூலுக்கும் பல் இடைவெளிக்கும் பொருத்தம் பார்க்காமல் போனாலும் தையல் தடித்தோ தொய்ந்தோ தெரியும். பர்ஸுக்கு 4 மி.மீ. இடைவெளியும் 0.6 மி.மீ. மெழுகு நூலும் இணைந்து வரும். பெல்ட்டுக்கு 5 மி.மீ. இடைவெளி, 0.8 முதல் 1 மி.மீ. நூல்.

நூல் பிசிறுகிறது, இழுத்தால் இறுகவில்லை

இரண்டாம் ஊசி முதல் நூலைக் குத்திக்கொண்டு போகிறது. முதல் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்தபடியே இரண்டாம் ஊசியை நுழைத்தால், குத்துப்பட்டிருந்தால் நூல் நகராமல் உடனே காட்டிக்கொடுக்கும். ஊசி முனை மழுங்கலாக இருக்க வேண்டும். துணி தைக்கும் கூரூசியால் தைத்தால் இது தீராது. நூலை முதலிலேயே தையல் நீளத்தைப் போல் நான்கு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்து முடிச்சுப் போடுவதைவிட மிச்சம் வெட்டி எறிவது மேல்.

வெட்டிய ஓரம் இழுபட்டு நெளிகிறது

கத்தி மழுங்கியிருக்கிறது. புது பிளேடாக இருந்தாலும் இதையே முதலில் சந்தேகப்படுங்கள். ஸ்னாப் கட்டர் என்றால் ஒரு துண்டு முறித்துப் புதுமுனையில் வெட்டிப் பாருங்கள். கத்தி என்றால், மரப்பலகையில் ஒட்டிய தோல் பட்டையில் பச்சை பாலிஷை (கத்திக்கு மெருகேற்றும் கட்டி) தேய்த்து, முதுகுப்புறமாகப் பின்னோக்கி இழுங்கள். வேலை தொடங்கும் முன் பத்துப் பதினைந்து இழுப்பு, நடுவில் கை கனக்கத் தொடங்கியதும் மறுபடி. தெருமுனையில் செருப்புத் தைக்கும் பெரியவர்கள் கல்லில் கத்தி தீட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், கேட்டால் கோணத்தைக் கையைப் பிடித்துச் சொல்லித் தருவார்கள். அவர்கள் தைப்பது பெரும்பாலும் கொக்கி ஊசித் தையல், நாம் பழகும் சேடில் தையல் வேறு. கத்தியும் குத்தூசியும் அவர்கள் கையில் நடப்பதற்கு ஈடில்லை.

கத்தி கூராக இருந்தும் நெளிந்தால் தோலின் இடத்தைப் பாருங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும், முதுகுப் பகுதி நிற்கும். பெல்ட்டை வயிற்றிலிருந்து வெட்டினால் மாட்டிய சில மாதங்களில் நீண்டுவிடும்.

ஒட்டிய இடம் பிரிகிறது

இரண்டு பக்கமும் சொல்யூஷன், அதாவது கான்டாக்ட் பசை, தடவினீர்களா? தடவியதும் ஒட்டிவிட்டீர்களா? கான்டாக்ட் பசையின் விதியே இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, விரலின் பின்புறத்தால் தொட்டால் ஒட்டாத நிலை வந்ததும் சேர்த்து, சுத்தியலால் தட்டி அழுத்துவது. ஈரமாக ஒட்டினால் உள்ளே அடைபட்ட கரைப்பான் வெளியேற வழியின்றி ஒட்டு இளகியே இருக்கும். தோலின் வழவழப்பான முகத்தில் ஒட்டுவதானால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். அடைமழை நாளில் இன்னொரு தொல்லை: கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் பசை மேல் படியும், ஒட்டு பிடிக்காது. அன்றைக்கு வெட்டும் வேலையை வைத்துக்கொள்ளலாம். ஜன்னலைத் திறந்து வைக்காமல் இந்தப் பசையைத் தொடவே வேண்டாம்.

பர்ஸ் மூட மறுக்கிறது, உள்பக்கம் சுருக்கம் விழுகிறது

வெளித்தோலும் உள்தோலும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. மடிப்பில் வெளித்தோல் சுற்றுப்பாதையில் போகிறது, உள்தோல் குறுக்குப்பாதையில். வித்தியாசம் சுலபக் கணக்கு: இரண்டு தோல்களின் நடுக்கனத்துக்கு இடையே உள்ள தூரத்தை 3.14-ஆல் பெருக்குங்கள். வெளித்தோல் 1.2 மி.மீ., உள்தோல் 0.8 மி.மீ. என்றால் அந்தத் தூரம் 1 மி.மீ., ஆக உள்தோல் 3 மி.மீ. சொச்சம் குறைய வேண்டும். கார்டு அறைகள் சேர்ந்து கனம் ஏறினால் குறைப்பதும் ஏறும். ஒரு முனையை ஒட்டி, மடித்த நிலையில் வைத்துக்கொண்டே மறுமுனையை ஒட்டினால் கணக்கே தேவையில்லை. மிஞ்சுவதைக் கடைசியில் சீவிவிடலாம்.

நனைத்த தோலில் நீலக்கறுப்புப் புள்ளிகள்

அச்சுப் பதிக்கவோ வளைத்து உருக்கொடுக்கவோ வெஜ் டேன் தோலை நனைத்து வைத்திருப்பீர்கள். காய்ந்ததும் மைத்துளி தெறித்ததுபோல் புள்ளிகள், அல்லது ஸ்டீல் ஸ்கேல் இருந்த இடத்தில் ஒரு கோடு. அழுக்கென்று நினைத்துச் சோப்புப் போட்டால் போகாது. தோலில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும். கடுக்காயும் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது இதே வேதியியல். கலம்காரியில் கடுக்காய் ஊறிய துணி மேல் இரும்புக் கரைசலால் இழுக்கும் கோடு கறுப்பாவதும் இதுதான். தீட்டுக்கல்லிலிருந்து பறந்த கண்ணுக்குத் தெரியாத இரும்புத்தூள் மேஜையில் கிடந்தாலே போதும்.

எலுமிச்சைச் சாற்றில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து பஞ்சால் புள்ளியில் ஒற்றுங்கள். புதுக் கறை கண்ணெதிரே வெளுக்கும். அங்கே மட்டும் துடைத்து விட்டால் அந்த இடம் தனி நிறமாகத் தெரியும் என்பதால், துண்டு முழுவதையும் அதே கரைசலால் ஒருமுறை சீராகத் துடைத்து, சுத்தமான தண்ணீர் ஒற்றி, நிழலில் காயவிடுங்கள். பழைய கறையில் வெளிர்பழுப்புத் தடம் மிஞ்சலாம், அதை அடர்சாயத்தில் மறைப்பதே வழி. இனி வராமலிருக்க, கத்தி தீட்டும் இடத்தையும் தோல் நனைக்கும் இடத்தையும் பிரித்துவிடுங்கள். ஈரத்தோலைப் பிடிக்க இரும்புக் கிளிப் வேண்டாம், பிளாஸ்டிக் கிளிப் போதும்.

சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது, சட்டையில் ஒட்டுகிறது

திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் பசைத்துளி, இல்லையென்றால் விரல் எண்ணெய். பசை பட்ட இடம் சாயத்தைக் குடிக்காது. ஆகவே முதலில் சாயம், அப்புறம் ஒட்டு. ஸ்பிரிட் சாயத்தை அதற்குரிய கரைப்பானில் நீர்க்கவைத்து, தோலை ஈரத்துணியால் சீராக ஒற்றிவிட்டு, வட்டமாகச் சுற்றியபடி இரண்டு மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள்.

சட்டையில் ஒட்டுகிறது என்றால் குடிக்கப்படாத சாயம் மேலே தூளாக நிற்கிறது. ஒரு நாள் காயவிட்டு, வெள்ளைத் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள். துணியில் நிறம் வருவது நின்ற பிறகே மேல்பூச்சு. கறுப்பு பெல்ட்டுக்கு இந்தத் தேய்ப்பில் சலிப்புப் பார்க்கக் கூடாது, அதை மாட்டப்போவது வெள்ளைச் சட்டைக்காரராக இருக்கலாம்.

பிரஸ் பட்டன் கழன்று வருகிறது

தண்டின் நீளத்தைப் பாருங்கள். தோலுக்கு வெளியே இரண்டு மூன்று மி.மீ. நீட்டினால் சரியாக விரிந்து பிடிக்கும். அதற்கு மேல் நீட்டினால் அடியில் வளைந்து படுத்துவிடும், மூடி ஆடும். நடுவில் ஒரு தோல் வளையம் வெட்டிப் போட்டுக் கனத்தைச் சரிக்கட்டுங்கள். மர மேஜை மேல் அடித்தால் பாதி அடியை மேஜை வாங்கிக்கொள்ளும், அடியில் கருங்கல்லோ இரும்புப் பட்டையோ வேண்டும். 20 லைன் பட்டனுக்கு (லைன் என்பது பட்டனின் அளவு எண்) 24 லைன் டை, அதாவது அடிக்கும் அச்சு, பொருந்தாது.

அச்சு பதியவில்லை, பதிந்ததும் மறைகிறது

குரோம் தோலில் பதியாது. வெஜ் டேனில் மறைகிறது என்றால் ஈரம் சரியில்லை. ஸ்பாஞ்சால் நனைத்து, பிளாஸ்டிக் கவரில் ஓர் இரவு வைத்து, எடுத்த பின் மேல்நிறம் பழையபடி வெளுக்கும் வரை காத்திருங்கள். பார்க்கக் காய்ந்ததுபோல் இருந்து, கன்னத்தில் வைத்தால் குளிர்ந்தால் அதுவே பதம்.

மழைக்காலத்தில் வெள்ளைப் படலம்

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. இரண்டு காரணம் உண்டு, மருந்து வேறு வேறு. ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து இளஞ்சூடு காட்டுங்கள். படலம் உருகி மறைந்தால் அது தோலுக்குள் இருக்கும் கொழுப்போ மெழுகோ வெளியே வந்து உறைந்தது. துணியால் துடைத்தால் போதும், கெடுதல் இல்லை. சூட்டுக்கு மசியாமல், புள்ளி புள்ளியாகப் பஞ்சு போலிருந்து, நெடியும் அடித்தால் பூஞ்சை. வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சாயத்தை அது கரைக்கக்கூடும் என்பதால் தெரியாத மூலையில் முதலில் சோதிக்கவும். காய வைப்பது நிழலில், மின்விசிறிக் காற்றில். வெயிலில் போட்டால் விறைத்து, மடக்கும்போது வெடிக்கும். காய்ந்த பின் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக் கால் எலும்பிலிருந்து எடுப்பது) சில துளி போதும். சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம், நாளாக ஆகச் சிக்கு வாடை ஏறும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல் பருத்திப் பையில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

காரணம் பிடிபடவே இல்லை என்றால்

பழகிய ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்போது அழகான முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. பின்பக்கமும் வெட்டோரமும் கிட்டத்தில் தெரியும் படம் வேண்டும். தோலின் கனம் மி.மீட்டரில், வெஜ் டேனா குரோமா, உளியின் பல் இடைவெளி, நூலின் தடிமன், எந்தப் பசை, எவ்வளவு நேரம் காயவிட்டீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்பவரும் ஊகத்தில் சொல்லாமல் காரணத்தைச் சொல்ல முடியும்.

கிடைத்த யோசனையை நேரே பர்ஸில் போட்டுப் பார்க்காமல், அதே தோலின் மிச்சத்துண்டில் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நூலை மாற்றினால் உளி அப்படியே இருக்கட்டும். துண்டின் சதைப்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் என்ன மாற்றினீர்கள் என்று எழுதி, ஓட்டை போட்டு, ஒரு வளையத்தில் கோத்து வையுங்கள். அடுத்து உங்களிடம் ஒருவர் இதே கேள்வியோடு வந்தால் அந்த வளையத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம்.